யாருடைய தூதர்?

கே.ஆர். நாராயணன் பெயரை எடுத்தாலே மேல்சாதிக்காரர்களுக்கு ஒரு தெம்பு வந்துவிடுகிறது. 'குடிசையில பொறந்தவரு ராஷ்டிரபதி பவன் வரைக்கும் போயிட்டாரு. இன்னும் என்னய்யா சாதி சாதின்னு பேசிக்கிட்டு?' டீக்கடையில் இதைக் கேட்டிருக்கிறேன். பல்கலைக்கழகக் கருத்தரங்கில், கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து, இதையேதான் கேட்டிருக்கிறேன். இடம்தான் வேறு, வாய் ஒன்றுதான். ஒரு மனிதர் பட்ட பாட்டையெல்லாம் சுருட்டி, அந்தப் பாட்டுக்குக் காரணமானவர்களுக்கே நற்சான்றிதழாகக் கொடுக்கிற வேலை இது. அந்தச் சான்றிதழில் நாம் கையெழுத்துப் போட முடியாது.

நம் பக்கத்திலும் ரெண்டு கூட்டம் இருக்கிறது. ஒரு கூட்டம் படத்தை மாட்டி மாலை போட்டுவிட்டுப் போய்விடும். இன்னொரு கூட்டம், 'அவரு காங்கிரஸ் ஆளு, நமக்கு என்ன பண்ணாரு' என்று ஒரே வரியில் தள்ளிவிடும். ரெண்டு பேரும் அவர் வாழ்க்கையைப் படிக்கவில்லை. நாராயணன் வாழ்நாளின் பெரும்பகுதியில் பார்த்த வேலை வெளிநாட்டுத் தூதரக வேலை. தூதர் என்றால் ஒருவர் சொல்லை இன்னொருவரிடம் கொண்டுபோகிறவர். அப்படியானால் நாம் கேட்க வேண்டிய கேள்வி இது: அவர் யாருடைய சொல்லைக் கொண்டுபோனார்? யாருடைய சொல்லைக் கொண்டுபோக இந்த அரசு அவரை விடவேயில்லை?

முதலில் அந்தக் 'குடிசை'யைப் பார்ப்போம். கோட்டயம் பக்கம் உழவூர்ப் பெருந்தானத்தில், பரவன் சாதியில் பிறந்தவர். நம் தூத்துக்குடிப் பரதவரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது கேரளத்தின் பட்டியல் சாதி. தேங்காய் பறிப்பதுதான் உன் வேலை என்று ஊர் விதித்திருந்த சாதி. அப்பா ராமன் வைத்தியர் நாட்டு வைத்தியம் பார்த்தவர். ஏழு பிள்ளைகளில் நாராயணன் நாலாவது. 1920 அக்டோபர் 27 என்பது பள்ளிக்கூடத்தில் எழுதிக்கொண்ட பிறந்த தேதி. சரியான தேதி தெரியாமல் குத்துமதிப்பாகக் கொடுத்தது. நம்ம தெருவில் பாதிப் பேருக்கு ஜூன் மாதத்திலேயே பிறந்தநாள் வருவது எதனால் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஊரிலிருந்து அதிக தூரமில்லாத வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கிற உரிமைக்காக 1924இல் போராட்டம் நடந்தது. பெரியார் போய்ச் சிறைப்பட்ட போராட்டம். அந்தத் தெருக்கள் மூடிக் கிடந்த காலத்தில் பிறந்த பையன், வயல் வரப்பில் தினமும் பதினைந்து கிலோமீட்டர் நடந்து பள்ளிக்கூடம் போனான். சம்பளம் கட்ட முடியாத நாட்களில் வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்டான். புத்தகம் வாங்கக் காசில்லை. ஆஸ்துமாவோடு வீட்டில் முடங்கிக் கிடந்த அண்ணன் நீலகண்டன், அடுத்தவர்களிடம் புத்தகம் இரவல் வாங்கி, கையால் எழுதி எழுதித் தம்பிக்குக் கொடுத்தார். இந்தக் கதையில் யார் உழைத்தார்கள் என்று பாருங்கள். ஒரு நோயாளி அண்ணனின் விரல்கள் உழைத்தன. சர்க்காரோ ஊரோ எங்கேயாவது தென்படுகிறதா? அப்புறம் எதற்கு 'இந்த நாடு அவரை உயர்த்தியது' என்கிற பீற்றல்?

1943இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் முதலிடத்தில் தேறினார். அந்த சமஸ்தானத்தில் முதல் வகுப்பில் பட்டம் பெற்ற முதல் தலித் அவர்தான். விரிவுரையாளர் வேலை கேட்டார். கொடுக்கவில்லை. குமாஸ்தா வேலை இருக்கிறது, வேண்டுமானால் வா என்றார்கள். அப்போது அங்கே திவான், சென்னையிலிருந்து போன சர் சி.பி. ராமசாமி அய்யர். அதே திவானின் ஆட்சியில்தான் 1936 நவம்பர் 12இல் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது. உலகமே பாராட்டியது. கோயிலுக்குள் வா, கும்பிடு, போ. கல்லூரிக்குள் வந்து எங்க பிள்ளைக்குப் பாடம் நடத்தாதே. இதுதான் அந்தப் பிரகடனத்தின் முழு அர்த்தம். நாராயணன் குமாஸ்தா வேலையையும் ஏற்கவில்லை, பட்டமளிப்பு விழாவுக்கும் போகவில்லை. கத்தவில்லை, கல் எறியவில்லை, போகாமல் இருந்தார். எனக்கு அவருடைய வாழ்க்கையில் ராஷ்டிரபதி பவனை விடப் பெரிய இடம் இதுதான்.

பிறகு டெல்லி. 'தி இந்து', 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' பத்திரிகைகளில் வேலை. 1945 ஏப்ரலில் பம்பாயில் காந்தியைப் பேட்டி கண்டார். அதே ஆண்டு ஜே.ஆர்.டி. டாடாவின் உதவியோடு லண்டன் போய், லண்டன் பொருளாதாரப் பள்ளியில் ஹெரால்டு லாஸ்கியிடம் அரசியல் படித்தார். 1948இல் திரும்பும்போது லாஸ்கி நேருவுக்கு ஒரு அறிமுகக் கடிதம் கொடுத்தார். அந்தக் கடிதம் நேருவின் கைக்குப் போனது. 1949இல் நேரு கேட்டுக்கொண்டபடி நாராயணன் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார்.

இதை மெதுவாக இன்னொரு தடவை படியுங்கள். திருவனந்தபுரத்தில் முதல் வகுப்பு, முதலிடம் வாங்கியபோது திறக்காத கதவு, லண்டனில் ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் எழுதிய காகிதத்துக்குத் திறந்தது. தகுதி, தகுதி என்கிறார்களே, அந்தத் தகுதி எங்கே இருந்தது? ஆளிடம் அது முன்பே இருந்தது. அதைப் பார்க்கிற கண்தான் இங்கே இல்லை.

அப்போது வெளியுறவுப் பணியில் யார் இருந்தார்கள்? பழைய ஐ.சி.எஸ். அதிகாரிகள், சமஸ்தான ராஜ குடும்பத்து ஆட்கள், பரம்பரையாகப் படித்த வீட்டுப் பிள்ளைகள். தூது போகிறவன் நல்ல குடியில் பிறந்திருக்க வேண்டும் என்பது டெல்லியில் கண்டுபிடித்த விதி அல்ல. திருக்குறளில் தூது அதிகாரத்தின் முதல் குறளே தூதனின் தகுதிகளில் குடிப்பிறப்பையும் வைக்கிறது. நான் எம்.ஏ. தமிழ் படித்தபோது இதை வகுப்பில் கேட்டேன். 'குடின்னா சாதி இல்லப்பா, நல்ல குடும்பம், ஒக்காரு' என்றார் ஆசிரியர். எந்தக் குடும்பம் நல்ல குடும்பம் என்று ஊரில் யார் தீர்மானிக்கிறார்கள் என்பது என் அடுத்த கேள்வி. அதற்கு மணியடித்துவிட்டது.

ஆனால் ஒன்று சொல்லுவேன். தூதருக்குத் தேவையான பாடமெல்லாம் சேரிப் பிள்ளைக்கு அஞ்சு வயசிலேயே வந்துவிடும். யார் முன்னால் எவ்வளவு தள்ளி நிற்பது, எதிராளி முகம் சுளிப்பதற்கு முன்னாலேயே அவன் மனசைப் படிப்பது, எந்த வார்த்தையைச் சொன்னால் அடி விழும், எதைச் சொன்னால் கூலி கிடைக்கும் என்று எடைபோடுவது, கோபத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு வாயில் மரியாதையை வைத்துக்கொள்வது. வெளியுறவுத் துறை இதற்குப் பயிற்சி நிலையம் வைத்து, படித்தொகை கொடுத்துச் சொல்லித்தருகிறது. நமக்கு ஊர்த்தெரு சொல்லித்தந்தது. பள்ளிக்கூட ஜன்னலுக்கு வெளியே நின்று படித்தவருக்கு மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பேசுவது என்ன பெரிய காரியம்?

ரங்கூன், டோக்கியோ, லண்டன், கான்பெரா, ஹனோய் என்று வேலை பார்த்தார். 1967 முதல் 69 வரை தாய்லாந்திலும், 1973 முதல் 75 வரை துருக்கியிலும் தூதர். 1962 சீனப் போருக்கு முன்பே தூதர் மட்ட உறவு நின்றுபோய், பதினைந்து ஆண்டு கழித்து 1976இல் பீகிங்குக்கு இந்தியா ஒரு தூதரை அனுப்பியபோது அனுப்பப்பட்டவர் அவர்தான். 1978இல் ஓய்வு. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். பிறகு 1980இல் இந்திரா காந்தி அவரை வாஷிங்டனுக்குத் தூதராக அனுப்பினார். 1984 வரை அங்கே இருந்தார்.

நடுவில் ஒரு கல்யாணம். ரங்கூனில் சந்தித்த மா டின்ட் டின்ட் என்ற பர்மியப் பெண்ணை 1951இல் மணந்தார். உஷா என்று பெயர் மாற்றிக்கொண்டவர். வெளியுறவுப் பணியில் இருப்பவர் வெளிநாட்டவரை மணக்க விதி இடம் கொடுக்காது. நேரு தனி அனுமதி கொடுத்தார். நாடு விட்டு நாடு கட்டுவதற்கு ஒரு பிரதமரின் அனுமதி போதுமானதாக இருந்தது. தெரு விட்டுத் தெரு கட்டுகிற நம்ம பிள்ளைகளுக்கு அனுமதி கொடுக்கிற பிரதமர் எவரும் இன்னும் பிறக்கவில்லை. தண்டவாளத்தில்தான் கிடைக்கிறார்கள்.

இத்தனை நாட்டுக்குப் போனாரே, எதைக் கொண்டு போனார்? அணிசேராமை, காலனிய எதிர்ப்பு, நிறவெறி எதிர்ப்பு. நல்ல சரக்குத்தான். நான் குறை சொல்லவில்லை. 1946இல் ஐ.நா. சபையில் தென்னாப்பிரிக்கா இந்தியர்களை நடத்துகிற விதம் பற்றி இந்தியா புகார் கொண்டுபோனது. 'இது எங்கள் உள்நாட்டு விவகாரம்' என்றது தென்னாப்பிரிக்கா. மனித மானம் உள்நாட்டு விவகாரம் ஆகாது என்று இந்தியா வாதாடியது. உலகம் கைதட்டியது.

அதே 1946இல் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, அமெரிக்கக் கறுப்பர்கள் ஐ.நா.வுக்குக் கொடுக்கும் மனு பற்றி விசாரித்தார். நம் மக்களின் நிலை பற்றி ஐ.நா.வுக்குக் கொடுக்க ஒரு அறிக்கையும் தயாரித்தார். ஆனால் கொடுக்கவில்லை. அரசியல் நிர்ணய சபைக்கும் வரப்போகிற பாராளுமன்றத்துக்கும் ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்ப்போம் என்று பொறுத்தார். 1951இல் அமைச்சர் பதவியை விட்டு விலகியபோது அவரே இதைச் சொன்னார். வாய்ப்புக் கொடுத்தது வீணாகிவிட்டது என்கிற கசப்போடுதான் சொன்னார். ஆக, அம்பேத்கர் விலகிய காலத்தில் நாராயணன் அதே அரசின் வெளிநாட்டுக் குரல்களில் ஒன்றாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சமர்ப்பிக்கப்படாத அந்த அறிக்கை அவர் பையில் வைக்கப்படவில்லை. எந்தத் தூதர் பையிலும் வைக்கப்படவில்லை.

ஐம்பது ஆண்டு கழித்து என்ன நடந்தது? 2001 ஆகஸ்ட் கடைசியில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாடு. இந்தியாவிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட தலித் தோழர்கள் சொந்த முயற்சியில் போனார்கள். பிறப்பால் இழிவுபடுத்துவதையும் மாநாட்டு அறிக்கையில் சேருங்கள் என்று கேட்டார்கள். இந்திய அரசு என்ன சொல்லியது? சாதி வேறு, இனம் வேறு. இது எங்கள் உள்நாட்டு விவகாரம். 1946இல் வெள்ளை வெறியர்கள் இந்தியாவுக்குச் சொன்ன அதே பதிலை, அவர்கள் ஆட்சி ஒழிந்த அதே மண்ணில் நின்று, இந்தியா நம்மிடம் சொன்னது. இறுதி அறிக்கையில் சாதி என்கிற சொல் வரவேயில்லை. வரவிடாமல் செய்தது நம் வரிப்பணத்தில் சம்பளம் வாங்குகிற தூதர் பட்டாளம்.

இதில் இன்னொரு கூத்து. எல்லாவகை இனப்பாகுபாட்டையும் ஒழிப்பதற்கான ஐ.நா. உடன்படிக்கை 1965இல் உருவானபோது, 'வம்சாவளி' என்கிற சொல்லை அதில் சேர்க்கச் சொன்னதே இந்தியாதான். அந்தச் சொல்லுக்குள் சாதியும் அடங்கும் என்று ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு 1996இல் இந்தியாவிடமே சொன்னது. 2002இல் பொதுப் பரிந்துரையாகவும் எழுதியது. 2007இல் ஜெனிவாவில் கேட்டபோதும் இந்தியா 'அடங்காது' என்றே சாதித்தது. தான் வைத்த சொல்லுக்குத் தானே அர்த்தம் தெரியாதென்று சொல்கிற ராஜதந்திரம்!

டர்பன் நடந்தபோது இந்தியாவின் குடியரசுத் தலைவர் யார்? கே.ஆர். நாராயணன். 1997 ஜூலை 25இல் பதவியேற்றவர். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து ஓட்டு மதிப்போடு, டி.என். சேஷனைத் தோற்கடித்து வந்தவர். 'தலித்தையே தலைவராக்கிய நாட்டில் சாதிப் பாகுபாடா?' என்று கேட்பதற்குத் தோதாக ஒரு படம் எல்லாத் தூதரகச் சுவரிலும் தொங்கியது. குடியரசுத் தலைவர் அமைச்சரவை முடிவுக்குக் கட்டுப்பட்டவர். டர்பன் நிலைப்பாட்டை அவர் எழுதவில்லை, மாற்றவும் அவருக்கு அதிகாரமில்லை. ஆனால் அவர் பிறப்பையே அவர் மக்களுக்கு எதிரான வாதமாக்கிவிட்டார்கள். நான் கோபப்படுவது இதற்குத்தான்.

2000 ஏப்ரலில் அவர் பாரிஸ் போனபோது, தீண்டப்படாதவர் ஒருவர் எலிசே மாளிகைக்கு வருகிறார் என்கிற தொனியில் பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்று தலைப்புப் போட்டது. இங்கே பொங்கினார்கள். நாட்டுக்கே அவமானமாம். தலைப்பு அசிங்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஊருக்கு ஊர் தனித் தம்ளர் வைத்திருக்கிற நாட்டுக்கு அந்தச் சொல் வெளிநாட்டில் அச்சானால்தான் அவமானமா? இங்கே பத்திரிகைகள் அவரை 'முதல் தலித் குடியரசுத் தலைவர்' என்று எழுதித் தீர்த்தன. 1949இல் மாஸ்கோவுக்குத் தூதராகப் போய், பின்னாளில் அதே மாளிகைக்கு வந்த ராதாகிருஷ்ணனை யாராவது 'பார்ப்பனத் தூதர்', 'பார்ப்பனக் குடியரசுத் தலைவர்' என்று எழுதினார்களா? அவர் தத்துவ மேதை. இவர் தலித். ஒருவருக்கு அறிவு அடையாளம், இன்னொருவருக்குச் சாதி அடையாளம்.

அப்படியானால் நாராயணன் வெறும் படம்தானா? இல்லை. எழுதிக்கொடுத்ததை வாசிக்க மறுத்த இடங்கள் அவரிடம் உண்டு. 1997இல் உத்தரப்பிரதேச ஆட்சியையும் 1998இல் பீகார் ஆட்சியையும் கலைக்கச் சொல்லி வந்த கோப்புகளைத் திருப்பி அனுப்பினார். 1999 தொடக்கத்தில் வெளியே வந்த ஒரு செய்தி முக்கியமானது. உச்சநீதிமன்ற நீதிபதி நியமனக் கோப்பில், மக்கள் தொகையில் கால்வாசியாக இருக்கிற பட்டியல் சாதியினர், பழங்குடியினரையும் பெண்களையும் கருதிப் பார்க்க வேண்டும் என்று அவர் எழுதினார். உச்சநீதிமன்றத்தில் முதல் தலித் நீதிபதியாக 1980இல் போனவர் நம் தமிழ்நாட்டு வரதராஜன். 1997இல் கே. ராமசாமி ஓய்வு பெற்ற பிறகு அங்கே ஒரு தலித்கூட இல்லாத காலம் அது. தலைமை நீதிபதி தரப்பிலிருந்து என்ன பதில் வந்தது? தகுதிதான் அளவுகோல். 1943இல் திருவனந்தபுரம் சொன்ன பதில், ஐம்பத்தாறு ஆண்டு கழித்து, நாட்டின் முதல் குடிமகனுக்கே திரும்பி வந்தது. 2000 ஜூனில் கே.ஜி. பாலகிருஷ்ணன் அங்கே போனார். 2007இல் தலைமை நீதிபதியும் ஆனார்.

அரசியல் சட்டத்தைத் திருத்தி எழுதப் பார்த்த நேரத்தில், 2000 ஜனவரி 27இல், பாராளுமன்ற மைய மண்டபத்தில் நின்று, அரசியல் சட்டம் நம்மைக் கைவிட்டதா, நாம் அதைக் கைவிட்டோமா என்று கேட்டார். மார்ச்சில் கிளின்டனுக்கு விருந்து. உலகம் ஒரே கிராமம் என்பதால் ஒரே ஒரு நாட்டாமை அதை ஆளலாம் என்று அர்த்தமில்லை என்று, ஆப்பிரிக்கத் தலைவர் ஒருவர் சொன்னதை எடுத்து அவர் முகத்துக்கு நேரே சொன்னார். விருந்தில் இப்படியா பேசுவது என்று சிலர் நெளிந்தார்கள். நாட்டாமை என்றால் என்னவென்று பாடப்புத்தகத்தில் படித்தவர்களுக்கு அது உவமை. உழவூரில் பிறந்தவருக்கு அது உவமை இல்லை.

2002 குஜராத். முஸ்லிம்கள் கொல்லப்பட்டபோது பிரதமர் வாஜ்பாய்க்குக் கடிதங்கள் எழுதினார். 2005இல் ஒரு பேட்டியில், மத்திய மாநில அரசுகளின் சதி இதில் இருந்தது என்றே சொன்னார். பதவியில் இருக்கும்போதே இதை வெளியே சொல்லியிருக்க வேண்டாமா? வேண்டும். இங்கே தூதரின் பயிற்சி மனிதரின் வாயைக் கட்டிவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். சொல்ல வேண்டியதை உறைக்குள் போட்டு ஒட்டி, உரிய மேசைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிற பழக்கம் அது. கொலைகாரர்கள் காத்திருக்க மாட்டார்கள். அந்த ஆண்டு நவம்பர் 9இல் அவர் இறந்தார். அந்தக் கடிதங்களைக் காட்டு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டார்கள். தகவல் ஆணையம் காட்டச் சொன்னது. 2012இல் டெல்லி உயர்நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. படத்தை எல்லோருக்கும் காட்டுவார்கள். கடிதத்தைக் காட்ட மாட்டார்கள்.

தோழர்களே, இது பழங்கதை இல்லை. 2017இல் இன்னொரு தலித் அந்த மாளிகைக்குப் போனார். 2022இல் ஒரு பழங்குடிப் பெண் போனார். படங்கள் மாறின, வாதம் மாறவில்லை. உள்நாட்டு விவகாரம் என்று நம் தூதர்கள் சொல்லிக்கொண்டிருந்த சாதியோ பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு கடல் தாண்டிவிட்டது. 2023இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரசபை சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் போட வேண்டியிருந்தது. அங்கே போன மாணவர்களும் கணினிக்காரர்களும் பேசித்தான் அது நடந்தது. எந்தத் தூதரகமும் உதவிக்கு வரவில்லை.

எனவே மாணவர் விடுதிகளில் நாராயணன் படத்தின் கீழே உட்கார்ந்து படிக்கிற தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். வெளியுறவுப் பணித் தேர்வு எழுதுங்கள். போங்கள், நல்லா போங்கள். ஆனால் எந்த மேசையில் உட்கார்ந்தாலும், அம்பேத்கர் எழுதிவைத்துக் கொடுக்காமல் விட்ட அறிக்கை ஒன்று இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். வெளியே இருக்கிற நாம் கேட்க வேண்டியதைக் கேட்போம். இத்தனை நாடுகளுக்கு அனுப்பிய தூதர்களில் தலித்துகள் எத்தனை பேர், பழங்குடிகள் எத்தனை பேர் என்று வெளியுறவு அமைச்சகம் கணக்குக் காட்டட்டும். வாஜ்பாய்க்கு எழுதிய கடிதங்கள் வெளியே வரட்டும். சாதி உள்நாட்டு விவகாரம் என்று ஜெனிவாவில் சொல்வதை நிறுத்தட்டும்.

அதுவரைக்கும், 'அதான் ஒங்காளு ஒருத்தர் போயிட்டாரே' என்று எவனாவது கேட்டால், திருப்பிக் கேளுங்கள்: 'போனாரு. எங்க சேதியக் கொண்டு போக விட்டீங்களா?'